பொக்கை மாடசாமி கேட்ட தண்ணீர்

1. வேட்டி போன நாள்

நான் மில்லில் சேர்ந்த முதல் நாளே ஒரு சாவு விழ இருந்தது. சாக இருந்தவன் நான்தான்.

மலையடிவாரத்தில், அருவித் தண்ணீரைக் கால்வாயில் திருப்பி, அந்த வேகத்தில் ஓட்டிய பஞ்சு மில் அது. தண்ணீர் சக்கரத்தைச் சுழற்றும். சக்கரம் தலைக்கு மேலே ஓடும் ஷாப்ட் என்ற இரும்புத் தண்டைச் சுழற்றும். ஷாப்டிலிருந்து தோல் பெல்ட்டுகள் இறங்கி வந்து ஒவ்வொரு மெஷினையும் சுழற்றும். பெல்ட் அறுந்தால் குத்தூசியால் துளை போட்டு, தோல் நாடா கோத்துத் தைப்பது என் வேலை.

ஆழ்வார்குறிச்சியில் இருந்த வயல்களையெல்லாம் விற்றுச் சாப்பிட்டு முடித்த ஒரு சைவக் குடும்பத்தில் பிறந்தவன் நான். குமாஸ்தா வேலைக்கென்றுதான் வந்தேன். ஒரு கூட்டல் கணக்குக் கொடுத்தார்கள். என் விடையைப் பார்த்த தலைமைக் குமாஸ்தா என்னைத் தோல் தைக்க அனுப்பிவிட்டார். அதன் பிறகு பெரியப்பா வீட்டுக்குப் போனால், தோல் தொட்ட தீட்டுக்காகக் கிணற்றடியில் குளித்த பிறகுதான் எனக்குச் சோறு. மில்லில், தோல் வார் தைக்கிற எனக்கு 'வாருப்பிள்ளை' என்று பெயர் விழுந்தது. தகப்பனார் வைத்த பெயர் மறந்துவிடாமல் இருக்க, நானே அவ்வப்போது என்னைக் கூப்பிட்டுக்கொள்வேன்.

அன்றைக்கு, ஓடுகிற பெல்ட் எப்படி ஓடுகிறது என்று பக்கத்தில் போய்ப் பார்த்தேன். என் வேட்டி முனையும் பார்க்கப் போனது. ஒரு சுற்று. இன்னொரு சுற்றுக்கு நானே மேலே போயிருப்பேன். அதற்குள் ஏணியில் நின்று ஷாப்டுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்த ஒருவன் குதித்து வந்து என் இடுப்பில் ஒரு உதை விட்டான். வேட்டி மேலே போயிற்று. நான் கீழே போனேன், கோவணத்தோடு. நூல் சுற்றும் பெண்கள் அத்தனை பேரும் வேலையை விட்டுவிட்டுச் சிரித்தார்கள்.

உதைத்தவன் குனிந்து என்னைப் பார்த்தான். "பிள்ளைவாள், வேட்டி போச்சேன்னு அழாதிரும். உள்ள இருந்த ஆளு தப்பிச்சாம்லா?" என்றான்.

அவன்தான் மாடசாமி. அப்போது அவனுக்குப் பல் எல்லாம் இருந்தது.

2. கம்புப்பந்து

இப்போதுள்ள பிள்ளைகளுக்கு ஆக்கி என்றால் தெரியும். அப்போது எங்களுக்கு அது துரைமார் ஆட்டம். வளைந்த கம்பை வைத்துக்கொண்டு வெள்ளைக்காரர்கள் ஒரு பந்தைத் துரத்துவதை மில்லின் சுவர் ஓரம் நின்று வேடிக்கை பார்ப்போம். எங்கள் ஸ்பின்னிங் மாஸ்டர் துரைக்கு அதில் வெறி. ஆனால் பதினொரு பேருக்கு அந்த மலையடியில் வெள்ளைக்காரர்கள் இல்லை. ஆகவே மில் ஆட்களில் கால் நீண்டவர்களைப் பொறுக்கினார். என்னைப் பார்த்தார். காலைப் பார்க்கவில்லை, வயிற்றைப் பார்த்தார். "யூ, கோல்!" என்று இரண்டு கட்டைகளுக்கு நடுவில் நிறுத்திவிட்டார். என் முதல் ஆட்டத்தில் எத்தனை கோல் விழுந்தது என்று எண்ணுவதை நடுவர் பாதியிலேயே விட்டுவிட்டார்.

மாடசாமி முன்னால் நடுவில் நின்றான். வெறுங்கால். ஆட்டம் தொடங்கும்போது இரண்டு பக்கத்து நடு ஆட்களும் கம்போடு கம்பை மூன்று தடவை தட்டிவிட்டுப் பந்துக்குப் பாய வேண்டும். மூன்றாவது தட்டு காதில் விழும் முன்னே பந்து அவனிடம் இருக்கும். துரை கொடுத்த சீமைக் கம்புகள் அவன் அடிக்குத் தாங்கவில்லை. நான் புளியங்கம்பை ஆவி காட்டி வளைத்து, பழைய பெல்ட் தோலைச் சுற்றி இறுக்கித் தைத்து, அவனுக்கென்று ஒன்று செய்தேன். என் தையலில் அறுந்து போகாத ஒரே சாமான் அதுதான்.

கோடையில் ஆறு வற்றினால் கால்வாயில் தண்ணீர் போதாது. மில் நின்றுவிடும். அதற்குத் 'தண்ணி லீவு' என்று பெயர். சம்பளம் கிடையாது. மில் ஆட்கள் குடியிருக்கும் லயன் வீடுகளில் அடுப்பு ஒரு வேளைதான் எரியும். அந்த நாட்களில்தான் தூத்துக்குடிக் கம்பெனித் துரைமார் டீம் ஆட வரும். வயிற்றில் ஒன்றும் இல்லாத ஜனம் அத்தனையும் மைதானத்தைச் சுற்றி நிற்கும். அந்த ஒரு சாயங்காலம் நாங்கள் ஜெயித்துவிட்டால் போதும். அவர்கள் சாப்பிட்ட மாதிரி ஏப்பம் விட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். நானும்தான்.

ஒரு ஆட்டத்தில் பந்து மாடசாமியின் வாயில் வந்து விழுந்தது. முன்பற்கள் நான்கு. கையில் துப்பி, என்னிடம் ஓடிவந்து நீட்டினான். "பிள்ளைவாள், மடியில முடிஞ்சு வச்சுக்கும். ஆட்டம் முடிஞ்சு வாங்கிக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டு ரத்தத்தோடு திரும்பிப் போய் ஒரு கோல் போட்டான். அன்றிலிருந்து 'பொக்கை' ஆனான். மைதானமே "பொக்கை! பொக்கை!" என்று கத்தும்போது மலையில் எதிரொலிக்கும். பற்களை அவன் கடைசிவரை திரும்பக் கேட்கவே இல்லை.

3. பூசாரி ஊரில் இல்லை

மாடசாமி யோக்கியன் என்று நான் சொல்லவரவில்லை. கள்ளுக்கடையில் பாடுவான். பாட்டை நிறுத்தச் சொன்னவனை அடிப்பான். மறுநாள் அவன் வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்பான், அங்கேயும் பாடுவான். வாங்கிய சம்பளத்தில் பாதி, வேறு யாருக்கோ வாங்கிக் கொடுத்ததாகப் போகும். அதெல்லாம் எல்லோரும் குடித்த அளவுதான். அவனைக் கெடுத்தது அந்தக் குடி இல்லை.

எங்கள் ஹெட் ஜாபர் சங்கரபாண்டி அண்ணாச்சி. ஸ்பின்னிங் காதாவில், அதாவது நூல் நூற்கும் பிரிவில், ஆட்களை வேலைக்கு வைப்பதும் நீக்குவதும் அவர் கையில். மாடசாமிமேல் அவருக்கு இருந்த பிரியத்தைப் பெற்ற பிள்ளைமேல்கூட நான் பார்த்ததில்லை. தூத்துக்குடி டீமோடு ஆடப்போகும் ஒரு தடவை, நம்ம பக்கம் ஜெயித்தால் ஆற்றங்கரைச் சுடலைமாடனுக்கு ஒரு பாட்டில் சாராயமும் ஒரு கட்டுச் சுருட்டும் வைப்பதாக நேர்ந்துகொண்டார். ஜெயித்தோம். பாட்டிலோடு கோயிலுக்குப் போனோம். பூசாரி இல்லை. கோயில் கொடை பார்க்கச் சீவலப்பேரிக்குப் போய்விட்டாராம்.

"நேந்ததைத் திருப்பி வீட்டுக்குக் கொண்டு போகப்படாதே" என்று அண்ணாச்சி தவித்தார். சுற்றிப் பார்த்தார். மாடசாமி வேர்வையோடு அரசமரத்தடியில் உட்கார்ந்திருந்தான்.

"சாமி பேரு வச்சவன் இங்கனதான இருக்கான். ஜெயிச்சுக் குடுத்ததும் அவன்தான. ஏலே மாடா, இந்தா, வாயத் தொற."

எல்லோரும் சிரித்தோம். மாடசாமி பொக்கை வாயைத் திறந்தான். சுருட்டையும் பற்றவைத்துக் கொடுத்தார்கள். அது ஒரு நாள் வேடிக்கையாகவே போயிருக்கும். ஆனால் அடுத்த ஆட்டத்திலும் ஜெயித்தோம். பூசாரி ஊரில் இருந்தார். இருந்தும் பாட்டில் கோயிலுக்குப் போகவில்லை.

அதன்பின் பஞ்சு சிக்கெடுக்கும் கார்டிங் காதா தனியாக நேர்ந்துகொண்டது. நூல் சுற்றும் ரீலிங் காதாப் பெண்கள் தனியாக. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால்கூட, "பொக்கை கோல் போட்டா காய்ச்சல் எறங்கும்" என்று நேர்ந்துகொண்டு, இறங்கியதும் ஒரு கலயம் கள்ளோடு அவன் வாசலில் வந்து நின்றார்கள். கடையில் வாங்கித் தருவதை ஒருவன் வேண்டாம் என்று சொல்லலாம். நேர்ச்சையை எப்படிச் சொல்வது? மாடசாமி ஒரு தடவை சொல்லிப் பார்த்தான். கொண்டு வந்த கிழவி, "எங்க சாமி வாங்கிக்கிடமாட்டேங்குதே, எம் பேரனுக்கு என்ன ஆவப்போவுதோ" என்று அழுதாள். வாங்கிக் குடித்தான்.

அவன் பெண்டாட்டி பேச்சியம்மாள் ஒரு நாள் என்னிடம் வந்தாள். "அய்யா, எங்க வீட்டுல அடுப்பு எரியலன்னா கேக்க ஒரு நாதி இல்ல. ஒரு படி அரிசிய நேந்துக்கச் சொல்லுங்கய்யா" என்றாள்.

நான் அதை அப்படியே அண்ணாச்சியிடம் சொன்னேன். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "சுடலைமாடனுக்கு அரிசியாம்வே! சைவத்துப் புத்தி போவுமா ஒமக்கு!" அன்று மில் முழுவதும் என் நகைச்சுவை பேசப்பட்டது.

4. மஞ்சள் கண்

ஏணியில் நின்ற மாடசாமியின் கண்ணைக் கீழே இருந்து பார்த்தேன். மஞ்சளாக இருந்தது. விளக்கெண்ணெய் விளக்கின் நிறம் என்று நினைத்தேன். கீழே இறங்கியும் நிறம் மாறவில்லை. கால் வீங்கியிருந்தது.

மில் ஆஸ்பத்திரி டாக்டரிடம் நான்தான் கூட்டிப்போனேன். அவர் வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு, "இனிமே ஒரு சொட்டு உள்ளே போச்சுன்னா எங்கிட்டக் கொண்டு வராதேயும். நேரே சுடுகாட்டுக்குக் கொண்டு போயிரும்" என்றார். துரையிடமும் சொன்னார். துரை ரொம்பக் கவலைப்பட்டு, "கோடை மேட்சுக்குள் சரியாகிவிடுமா?" என்று கேட்டாராம்.

மாடசாமி நிறுத்திவிட்டான். நான் நம்பவில்லை. ஆனால் நிறுத்தினான். கலயத்தோடு யார் வந்தாலும் பேச்சியம்மாள் வாசலில் விளக்குமாற்றோடு உட்கார்ந்திருந்தாள். சாமி குத்தம் என்று அவளை ஏசினார்கள். "குத்தம் எந் தலையில விழட்டும். அந்த மனுசன் தலை நிக்கட்டும்" என்றாள். கண்ணில் மஞ்சள் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. நாக்குக்குச் சோறு பிடித்தது.

அந்த நாட்களில் ஒரு சாயங்காலம் நாங்கள் இருவர் மட்டும் மைதானத்துக்குப் போனோம். "பிள்ளைவாள், அங்கன கோலுக்குள்ள போய் நில்லும்" என்றான். அந்தக் கோடியிலிருந்து பந்தை எடுத்துக்கொண்டு வந்தான். ஓடினான் என்று சொல்ல முடியாது. பந்து அவன் கம்பை விட்டுப் பிரிய மனமில்லாமல் கூடவே வந்த மாதிரி இருந்தது. வழியில் இல்லாத ஆட்களையெல்லாம் ஏமாற்றிக்கொண்டு, வளைந்து வளைந்து, சிரித்துக்கொண்டு வந்தான். என் பக்கத்தில் வந்ததும் பைய ஒரு தட்டு. என் இரண்டு காலுக்கும் நடுவில் பந்து போயிற்று.

"தலை தெளிவா இருந்தா பந்து என்ன பெருசாத் தெரியுது பாத்தீரா?" என்றான்.

அவன் ஆடியதிலேயே பெரிய ஆட்டம் அது. பார்த்தவன் நான் ஒருவன். கோல் விட்டவனும் நான். இதற்குச் சாட்சி கேட்டால் என்னிடம் வேறு ஆள் இல்லை.

அடுத்து வந்த ஆட்டத்தில் பாளையங்கோட்டைக் காலேஜ் டீமிடம் தோற்றோம். தோற்றது என்னால். இரண்டு கோலும் என் வயிற்றுக்குக் கீழே உருண்டு போனவை. மாடசாமி ஒன்று போட்டான். ஆனால் கூட்டம் அவனைத்தான் பார்த்துக்கொண்டு கலைந்தது. "மாடன் கோவிச்சுக்கிட்டான்" என்று கார்டிங் காதாவில் யாரோ சொன்னார்கள். மறுநாள் அதையே எல்லோரும் சொன்னார்கள். "ஏய்யா, கோல் விட்டவன் நாந்தானய்யா" என்று நான் ஒவ்வொரு காதாவாகப் போய்ச் சொன்னேன். போன இடமெல்லாம் சிரிப்பு.

5. இடைவேளை

அந்தக் கோடையில் ஆறு வழக்கத்துக்கு முன்பே வற்றிவிட்டது. தண்ணி லீவு நீண்டுகொண்டே போயிற்று. லயனில் கிழங்கு அவித்துத் தின்றுகொண்டிருந்தோம். தூத்துக்குடி டீம் வருகிறது என்று செய்தி வந்ததும் செத்த ஊருக்கு உயிர் வந்தது. அண்ணாச்சி லயன் லயனாகப் போய் நேர்ச்சை வாங்கினார். எல்லாம் சேர்த்து ஒரே பாட்டில். கொடுப்பது ஆட்டம் முடிந்த பிறகு இல்லை, இந்தத் தடவை ஆட்டத்துக்கு நடுவிலேயே.

இடைவேளையில் நாங்கள் ஒரு கோல் பின்னால் இருந்தோம். வெயில் என்றால் சொல்லமுடியாத வெயில். மாடசாமி தரையில் உட்கார்ந்து, "ஒரு வாய் பச்சத் தண்ணி குடுங்கய்யா" என்றான். அண்ணாச்சி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். கையில் பாட்டில்.

"அண்ணாச்சி, வேண்டாம். டாக்டரு சொல்லிருக்காரு. புள்ளைய ரெண்டு இருக்கு" என்றான் மாடசாமி.

"ஏலே, நான் ஒன்னக் குடிக்கச் சொல்லலலே. இது ஊரு நேந்தது. அங்கன பாரு, அத்தன பேரும் பட்டினி. ஒருத்தனும் சோறு கேக்கல, ஒன்னத்தான் கேக்கான். ஒரு வாயி. நாக்குல படட்டும், போதும்." அண்ணாச்சியின் கண்ணில் தண்ணீர் நின்றது. அவர் நடிக்கவில்லை. அதுதான் கொடுமை.

நான் எழுந்து நடுவில் போய் நின்றேன். என் ஆயுசில் ஒரே ஒரு தடவை விளையாட்டில்லாமல் பேசினேன். "அவன் செத்துருவான்வே! தண்ணி கேக்கான், தண்ணியக் குடுங்க! குடிச்சே ஆகணும்னா என் வாயில ஊத்துங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

அப்புறம் யாரோ, "வாருப்பிள்ளைக்கு ஓசிக் குடி கேக்குதுடே!" என்றான். கூட்டம் வெடித்துச் சிரித்தது. பசித்த முகங்கள் அத்தனையும் சிரித்தன. பேச்சியம்மாள் கூட்டத்துக்கு அந்தப் பக்கம் என்னவோ கத்தினாள். சிரிப்பில் கேட்கவில்லை. கடைசியில் மாடசாமியும் சிரித்துவிட்டான். சிரித்த வாய் திறந்திருந்தது.

ஒரு வாய் என்றார்கள். பாட்டில் காலியாகும்வரை யாரும் இறக்கவில்லை.

பிற்பாதியில் அவன் இரண்டு கோல் போட்டான். ஜெயித்தோம். இரண்டாவது கோலை எப்படிப் போட்டான் என்று கேட்காதீர்கள். விழுகிற மரம் கூரையை உடைத்துக்கொண்டு போகிற மாதிரி போனான். தோளில் தூக்கினார்கள். என்னைக் கடக்கும்போது மேலேயிருந்து குனிந்து, "பிள்ளைவாள், தண்ணி" என்றான்.

கால்வாய்க்கு ஓடினேன். வற்றிக் கிடந்த கால்வாயில் மதகடியில் மட்டும் கொஞ்சம் தேங்கியிருந்தது. எண்ணெய் டப்பா ஒன்று கிடந்தது. அதைக் கழுவி மொண்டுகொண்டு ஓடிவந்தேன். ஊர்வலம் லயனுக்குள் திரும்பிவிட்டது. கொட்டு, குலவை, "பொக்கை! பொக்கை!" என்று ஒரே கூச்சல். கூட்டத்துக்குள் நுழைய முடியவில்லை. என் வயிறு எந்த இடத்திலும் நுழையாது. தள்ளுமுள்ளில் டப்பா சாய்ந்தது.

அன்றைக்கே ரத்தமாக வாந்தி எடுத்தான். அந்த வாரம் தாண்டவில்லை. துரை மிகவும் வருத்தப்பட்டார். ஒரு வாரம் ஆக்கி வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

6. கல்

மைதானத்து ஓரத்தில் அவனுக்கு ஒரு கல் நட்டார்கள். செலவு முழுவதும் அண்ணாச்சி. நட்ட அன்று குழந்தை மாதிரி விழுந்து அழுதார். எழுந்து, கல்லின் தலையில் ஒரு பாட்டில் சாராயத்தை ஊற்றினார்.

அதன்பின் ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னும் ஊற்றினார்கள். ஆக்கி நின்றுபோன பிறகும் ஊற்றினார்கள். பேச்சியம்மாள் விடிந்ததும் வந்து ஒரு குடம் தண்ணீரால் கல்லைக் கழுவிவிட்டுப் போவாள். சாமிக் கல்லைப் பெண்பிள்ளை தொடக்கூடாது என்று தடுத்தார்கள். "ஒங்களுக்குத்தான்யா சாமி. எனக்குப் புருசன்" என்றாள். கல்லைச் சுற்றி முள்வேலி போட்டார்கள். அவள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஆற்றுக்கு அந்தப் பக்கம் எங்கேயோ களை எடுக்கப் போய்விட்டாள். போகும்போது அந்த நான்கு பற்களையும் அவளிடம் கொடுக்கப் போனேன். கையை நீட்டவில்லை. "நீங்களே வச்சுக்கிடுங்கய்யா. நீங்க ஒருத்தர்தான் அவரு குடுத்ததை வாங்கினவரு. மத்தவங்க எல்லாம் குடுத்தாக" என்றாள். இன்றும் அவை என் குத்தூசிப் பெட்டியில்தான் இருக்கின்றன.

மில்லில் இருந்து ஓய்வு பெற்ற நாங்கள் நாலைந்து பேர் இப்போதும் சாயங்காலம் அந்தப் பக்கம் கூடுகிறோம். பேச்சு எங்கே தொடங்கினாலும் மாடசாமியில் வந்து நிற்கும். "ஒரே மூச்சுல ஒரு பாட்டில் அடிப்பாம்லா!" "சாராயம் உள்ள போனாத்தாம்டே அவனுக்குப் பந்தே தெரியும்!" கண்கள் பளபளக்கும். தெளிந்த தலையோடு அவன் போட்ட அந்தக் கோலை நான் சொல்லத் தொடங்குவேன். "கோல் காத்தது யாரு, நீருதான?" என்பார்கள். சிரிப்பார்கள். கதை அங்கேயே முடிந்துவிடும்.

வேலைக்கு வருகிற இளைய பிள்ளைகளுக்கு அனுபவப் பாடம் ஒன்று எழுதும்படி மில்லில் சொன்னார்கள். பெல்ட்டைப் பற்றி வேண்டுமானால் நிறையச் சொல்வேன். ஓடும்போது தைக்காதே, வேட்டியை இறுக்கிக் கட்டு. மனிதரைப் பற்றி ஒன்றுதான் தெரியும். ஒருவனைத் தலைக்குமேல் தூக்கிக் கொண்டாடும்போது, அவன் மேலேயிருந்து என்ன கேட்கிறான் என்று யாராவது ஒருத்தர் காதுகொடுங்கள். அந்த ஒருத்தர் ஊர்க்கோமாளியாக இருந்தால் பிரயோஜனம் இல்லை.

அவன் போன நாள் வரும்போதெல்லாம் நான் ஒரு செம்பில் ஆற்றுத் தண்ணீர் கொண்டு போகிறேன். வேலிக்கு வெளியே நின்று கையை நீட்டிக் கல்லின் தலையில் ஊற்றுகிறேன். பின்னால் கூட்டாளிகள் சிரிப்பார்கள். "பாரும்வே, வாருப்பிள்ளை மாடனுக்குப் பச்சத் தண்ணி ஊத்துதாரு!" வயதானவர்கள், சிரித்தால் இருமல் வந்துவிடும். பாவம், சிரித்துவிட்டுப் போகட்டும்.

கல் குடித்ததா இல்லையா, எனக்குத் தெரியாது. சிரிக்கவில்லை. அது மட்டும் தெரியும்.